தூதுவருக்குச் சொன்ன பதில்

என் பக்கத்து வீட்டுச் சபூரா உப்பளத்தில் உப்பு வாருகிறவள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களெல்லாம் விரட்டப்பட்டபோது நாங்கள் இருவரும் ஒரே வள்ளத்தில்தான் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினோம். அன்று தொட்டு அவள் வாய்க்கு முன்னால் என் வாய் எடுபட்டதில்லை. புருஷன் கடலில் மாண்டுபோனபின் இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக் கரைசேர்த்தவள் என்று ஊரே அவளைக் கொண்டாடும். என் புருஷனும் கொண்டாடுவார். எனக்கு வயிறு எரியும்.

யுத்தம் முடிந்து நாலாம் வருடம் ஒரு வெளிநாட்டுத் தூதுவர் எங்கள் குடியிருப்பைப் பார்க்க வந்தார். அவரோடு பேச அதிகாரிகள் சபூராவைத்தான் தெரிவுசெய்தார்கள். டீவியும் வருமாம். மன்னாரில் திரும்பக் குடியேறக் காணி கேட்ட எங்கள் நாற்பது குடும்பங்களின் பட்டியல் இரண்டு வருடமாக ஓர் அலுவலகத்தில் கிடந்தது. அதைத் தூதுவர் காதில் போடப் போவதாகச் சபூரா சொல்லித் திரிந்தாள். பலித்தால், காணி அவளால் கிடைத்தது என்றாகிவிடும். சாகும்வரை அந்தப் பெருமையை நான் கேட்க வேண்டும்.

காலையில் முக்காடு சரிசெய்து விடுகிற சாட்டில் அவளிடம் போனேன்.

"சபூரா, வீடு தேடி வந்த விருந்தாளிட்ட குறை சொல்ற பழக்கம் நமக்கு இல்லயே. உம்மாமார் நம்மள அப்பிடியா வளத்தாங்க?"

அவள் யோசித்தாள். "ஓம் ராத்தா, அதுவும் சரிதான். காணிக் கதைய பொறகு அதிகாரிமாரோட கதைப்பம்."

தூதுவர் பாயில் உட்கார்ந்து வட்டிலாப்பம் சாப்பிட்டார். என்ன தேவை என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ், இங்க ஒரு குறையும் இல்ல" என்றாள் சபூரா, சிரித்துக்கொண்டே.

தூதுவர் அதைக் கொழும்பு போய்ச் சேருமுன்பே மறந்திருப்பார். ஆனால் எட்டு மணிச் செய்தியில் நாடே பார்த்தது. திரையில் அவள் அழகாக வேறு இருந்து தொலைத்தாள்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போன எங்கள் ஆண்களிடம் அதிகாரி கையை விரித்தாராம். "இங்க ஒரு குறையும் இல்லண்டு நீங்களே சொன்னத நாட்டு ஆக்கள் எல்லாரும் பாத்திட்டாங்க. இனி உங்களுக்குக் காணி குடுத்தா, ஏன் குடுத்தீங்கண்டு எங்களத்தான் கேப்பாங்க."

ஊர் சபூராவைத் தூற்றியது. உப்பளத்தில் ஒருத்தியும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் புருஷனும் ஏசினார். காணி போன கவலையிலும் அந்த ஏச்சு எனக்கு இனித்தது.

யார் சொல்லிக் கொடுத்தது என்று அவள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு பின்னேரம் என் வாசலில் வந்து நின்று அழுதாள்.

"ராத்தா, ஒங்கட காணியும் என்னாலதானே போச்சு. என்ன மன்னிச்சிருங்க."

மன்னிப்புக் கேட்பதிலும் அவளே முந்திக்கொண்டாள்.