ஒரே அந்தோனியாரிடம் இரண்டு வேண்டுதல்

வெள்ளவத்தையில் மழை வரப்போகிறது என்றால் வானிலை அறிவிப்புக்கு முன்பே என் இடது தோள் சொல்லிவிடும். போன ஞாயிறும் பனியனைக் கழற்றிவிட்டுத் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அமெரிக்காவிலிருந்து ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் மருமகன், என் தங்கையின் மகன். அங்கே கல்லூரியில் படிக்கிறான். அதாவது, அமெரிக்கக் கால்பந்து விளையாடிக்கொண்டு இடைக்கிடை படிக்கிறான்.

பெயர்தான் கால்பந்து. காலுக்கு அதில் அதிக வேலை இல்லை. எல்லோரும் தலைக்கவசம் போட்டிருப்பதால் நம்முடைய ஆளை முதுகில் உள்ள இலக்கத்தை வைத்துத்தான் தேட வேண்டும். மருமகன் தடுப்பு அணி. பந்தோடு வருகிறவனை நிலத்தில் சாய்ப்பதுதான் அவன் உத்தியோகம். முதல் வருடம் முழுக்க மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். அடுத்த வருடம் முழங்காலில் ஒப்பரேஷன். அதற்கடுத்த வருடம் அது தேறுவதற்கே போனது. இது கடைசி வருடம். ஆரம்ப அணியில் அவனைப் போடலாமா என்று இப்போதுதான் யோசிக்கிறார்களாம். வீடியோவில் அவன் ஒரு மலைபோன்ற ஆளை இடுப்பில் பிடித்து விழுத்தினான். பந்தை ஒரு தடவைகூடத் தொடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தைலக் கையோடு திரும்பத் திரும்பப் பார்த்ததில் போனும் தைலம் மணக்கத் தொடங்கிவிட்டது.

அந்த மணம் வந்தால் எனக்கு நான் வளர்ந்த கொட்டாஞ்சேனைதான் ஞாபகம். பள்ளிக்கூட றக்பி அணியில் நானும் ஒரு தடுப்புக்காரன். புல்பேக். முன்னால் நிற்கிற அத்தனை பேரும் கோட்டைவிட்ட பிறகு, பந்தோடு ஓடி வருகிறவனுக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவில் தனியாக நிற்கிற பாவப்பட்ட ஜீவன் அவன். தடுத்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தவறவிட்டால் ஊரே மறக்காது. பேப்பரில் என் பெயர் ஒரே ஒரு தடவை வந்தது. அதுவும் காயப்பட்டு வெளியேறியவர் என்று. அந்தக் கதைக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு நான் விளையாடுவது கொஞ்சமும் பிடிக்காது. பயத்துக்குக் காரணமும் இருந்தது. யுத்த காலம். தமிழ்ப் பொடியன் ஒருவன் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு பொழுதுபட வீடு திரும்பினால் எந்தத் தாய்க்குத்தான் நெஞ்சு இடிக்காது? சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. ஒரு நாள் ஆமிக்காரர் ஒருவர் என் பையைத் திறந்து, சேறும் வியர்வையும் ஊறிய ஜேர்சியின் வாடையில் இரண்டடி பின்னால் போனார். பிறகு, "கவுத தின்னே மல்லி?" என்றார். யார் வென்றது தம்பி என்று சிங்களத்தில் கேட்கிறார். நாங்கள் என்றேன். சிரித்துக்கொண்டு போகச் சொன்னார். இதை வீட்டில் நகைச்சுவையாகச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அம்மா என்னைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அம்மாவுக்கு மனசுக்குள் மன்றாடும் வழக்கமே கிடையாது. "அந்தோனியாரே, இவன் இந்த விளையாட்ட நிப்பாட்டோணும்" என்று பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி சொல்லி மெழுகுதிரி கொளுத்துவார். அதே திரித் தட்டில் நானும் ஒன்றைக் கொளுத்தி, அடுத்த மெட்ச்சில் என்னைப் போட வேண்டும் என்று வாய்க்குள் கேட்பேன். வெளியே வந்ததும் இருவரும் சமாதானமாக இறால் வடை சாப்பிடுவோம். அணியில் என் பெயர் வந்த வாரங்களில் அம்மா வடையைக் கடித்தபடி, "இந்தக் கிழமை உன்ர பக்கம் கேட்டிட்டார், என்ன?" என்பார்.

பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம், வருடாந்தப் பெரிய மெட்ச். நாங்கள் மயிரிழையில் முன்னால் நிற்கிறோம், முடிய நிமிடங்கள்தான் இருக்கின்றன. எதிரணியின் விங்கர், ஓரத்து ஓட்டக்காரன், பந்தோடு எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகத் தாண்டி வருகிறான். காலி நகருக்குப் போகும் வீதியில் இன்னொரு பஸ்ஸோடு போட்டிக்கு ஓடும் தனியார் பஸ் மாதிரி வந்தான். நான் கண்ணை மூடவில்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன். பாய்ந்து இடுப்பைப் பிடித்தேன். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அது அவனுடையது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் தோள்பட்டை எலும்புக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மா சோற்றுப் பார்சலோடும் தங்கையோடும் வந்தார். என்னை ஏசவில்லை. சுவரைப் பார்த்து அந்தோனியாரைத்தான் ஏசினார்.

"நிப்பாட்டத்தானே சொன்னனான். உடைக்கச் சொன்னனானா?"

பிறகு பார்சலை அவிழ்த்தார். அதிலிருந்த முட்டையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தப் பொடியன் கோட்டத் தாண்டினவனோ?"

"இல்லம்மா. விழுத்திப் போட்டன்."

"அப்ப சரி. வாயத் திற."

அதோடு என் றக்பி வாழ்க்கை முடிந்தது. இருவர் வேண்டுதலும் பலித்தது என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு மெட்ச்சுக்கும் வராத அம்மா, பிறகு வாசலுக்கு வரும் மீன்காரரிடம் தன் மகன் சாய்த்த ஆளின் உயரத்தைச் சிங்களத்தில் விளக்குவார். சொல்லச் சொல்ல அந்த விங்கர் வளர்ந்துகொண்டே போனான். கொள்ளுப்பிட்டியில் எனக்கு வேலை கிடைத்ததைக்கூட அம்மா அவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை.

வீடியோ வந்த அன்று மாலை தங்கை போனில் பேசினாள். முட்டையை எடுத்தவள்தான்.

"அண்ணா, இன்னொருக்கா அந்த முழங்கால் போனா நான் தாங்கமாட்டன். அவன் விளையாட்ட விடோணும் எண்டு அந்தோனியாருக்கு ஒரு திரி கொளுத்து."

அவள் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மருமகனின் குரல் பதிவு வந்தது.

"மாமா, ஸ்டார்ட்டிங் டீம்ல போடோணும் எண்டு பிரே பண்ணுங்கோ. அம்மாட்ட சொல்லாதேங்கோ."

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போனேன். இறால் வடை விற்ற இடத்தில் போன் உறை விற்கிறார்கள். கோயில் வாசலில் என் பையைச் சோதித்த காவல்காரப் பொடியன் எதுவும் கேட்கவில்லை. உள்ளே குடையும் தைலமும்தான் இருந்தன. இரண்டு திரி வாங்கினேன். அவன் விளையாட்டை விட வேண்டும் என்று ஒன்று, அவனை அணியில் போட வேண்டும் என்று ஒன்று. எலும்பு எதுவும் உடையக் கூடாது என்பதை இரண்டு தடவையும் தெளிவாகச் சொன்னேன். முன்பெல்லாம் இந்த வழக்குக்கு நாங்கள் இரண்டு பேர் வருவோம். இப்போது அம்மா இல்லை. அவருடைய பக்கத்தையும் நானே வாய்விட்டுச் சொன்னேன், பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி.