ஐஸ் பெட்டிக்குள் பிட்காயின்

விழுப்புரத்தில் நாலைந்து தெருக்களில் கல்யாணம் என்றாலும் சரி, சாவு என்றாலும் சரி, முதல் போன் ராயப்பனுக்குத்தான் போகும். பந்தல், நாற்காலி, மைக் செட்டு, சீரியல் லைட்டு எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ‘ராயப்பன் சவுண்ட் சர்வீஸ்’ என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். அவரே எழுதியது என்பதால் எழுத்து ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஆளும் கொஞ்சம் அப்படித்தான். தங்கமான மனுஷன், ஆனால் தலையில் ஒன்று ஏறிவிட்டால் லேசில் இறங்காது. போன வருஷம் ஏறியது பிட்காயின்.

ஏற்றிவிட்டவன் கண்டமங்கலம் கோகுலகிருஷ்ணன். புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறான். ஒரு காதுகுத்துக்கு செட்டு கட்டப் போன இடத்தில் ராயப்பனைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, இந்த மெஷின கரண்ட்லயும் நெட்லயும் சொருகி வுட்டா போதும். அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கினே இருக்கும். கணக்குப் போடப்போட காசு வரும்.”

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரிடம் வாங்கிய அடி ராயப்பனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தனக்குப் பதிலாக ஒரு மெஷின் கணக்குப் போடும், அடிக்குப் பதில் காசு வரும் என்றால் மனுஷன் விடுவாரா? அவனிடம் இருந்த பழைய மெஷினை வாங்கி வந்து ஹாலில் வைத்துவிட்டார். செருப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன். சுவிட்சைப் போட்டதும் வீடே எழுந்து பறக்கப் போகிற மாதிரி ஒரு சத்தம்.

“இன்னாங்க இது, வூட்டுக்குள்ள மாவு மில்லா?” என்று சமையலறையிலிருந்து கத்தினாள் அவர் மனைவி இருதயமேரி. அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து கத்தினாள். அப்போதும் கேட்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, ராயப்பன் கெட்டிக்காரர்தான். செல்போனிலேயே மெஷினின் பக்கத்தைத் திறந்து, காசு வந்து சேர வேண்டிய கணக்கின் நீள முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துப் போட்டார். உள்ளே இருக்கும் மூன்று போர்டில் ஒன்று வேலை செய்யவில்லை என்று திரையில் வந்தது. கோகுலகிருஷ்ணன் போனில், “கேபிளக் கழட்டி மாட்டுங்கண்ணே” என்றான். கழற்றி, அழிரப்பரால் தேய்த்து, மைக் ஜாக்கை ஊதுவது போல் ஊதி மாட்டினார். மூன்றும் ஓடின. அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும், கலெக்டர் கெட்டார்.

ஆனால் அது அக்னி நட்சத்திரம். விழுப்புரம் வெயிலில் மனுஷனே நிற்க முடியாதபோது மெஷின் நிற்குமா? சூடு ஏறி ஏறி, ஒரு அளவுக்கு மேல் போனதும் தானே அணைந்துவிடும். ராயப்பன் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். ஜன்னலில் ஈரக் கோணியைக் கட்டினார். ஒன்றும் நடக்கவில்லை, வீடுதான் அடுப்பானது. ஒருநாள் மாதா சுரூபத்தின் முன்னால் இருந்த மெழுகுவர்த்திகள் ஏற்றாமலேயே வளைந்து, தரையைப் பார்த்துத் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. இருதயமேரி அதைப் பார்த்தாள். பையை எடுத்துத் துணியை அடுக்கினாள்.

“ஒண்ணு அது இந்த வூட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்க. நான் திண்டிவனம் போறேன்.”

“மேரி, ஒரே ஒரு வாரம் குடு. சூட்டையும் சத்தத்தையும் அடக்கிக் காட்டுறேன். இல்லன்னா பழைய இரும்புக் கடையில போட்டுர்றேன். மாதா மேல சத்தியம்.”

“அடக்கிட்டு போன் பண்ணு” என்று அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் இல்லாத வீடு ராயப்பனுக்குப் பிடிக்கவே இல்லை. ரசம் வைத்தார், அதைக் குடிக்க அவராலேயே முடியவில்லை. மெஷினும் வேண்டும், மேரியும் வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டுமானால் சூடு இறங்கியாக வேண்டும். இப்படி யோசித்துக்கொண்டே குடோனில் சாமான் எடுக்கப் போனவரின் கண்ணில் அது பட்டது. சாவு வீடுகளுக்கு வாடகைக்கு விடும் கண்ணாடி ஐஸ் பெட்டி.

பெட்டியை ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மெஷினை உள்ளே படுக்க வைத்து, ஒயர்களை மூடியின் ரப்பர் ஓரமாக வெளியே எடுத்து, கோகுலகிருஷ்ணன் சொன்னபடி மெஷினின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஐஸ் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். ஐயோ, என்ன சொல்வது! சூடு மளமளவென்று இறங்கியது. மூடியிருந்ததால் சத்தமும் தூங்குகிறவன் குறட்டை அளவுக்குக் குறைந்துவிட்டது. ஜன்னல் வெயில் கண்ணாடி வழியாக உள்ளே விழக் கூடாது என்று பெட்டிமேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தினார். கெடு முடிகிறவரை விழுப்புரத்தில் யாரும் சாகக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டார்.

ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேரிக்குப் போன் பண்ணுவது என்று முடிவு. அதற்குள் கண்டமங்கலத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு செட்டு ஒப்புக்கொண்டிருந்தார். சாவியை வழக்கம்போல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார்.

எதிர்வீட்டு விருத்தாசலம் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ரிட்டயர் ஆனதிலிருந்து தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவருக்குத் தெரிந்தாக வேண்டும். என்னடா மெஷின் சத்தத்தைக் காணோமே என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஹாலில் ஐஸ் பெட்டி. மேலே வெள்ளை வேட்டி. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். பொம்பளை ஊரில் இல்லை. அப்புறம் யார்?

ராயப்பனின் போனுக்கு அடித்தார். இரண்டு ஆளுயர ஸ்பீக்கருக்கு நடுவில் நிற்கிறவருக்கு எங்கே கேட்கும்? எடுக்கவில்லை. போதாதா? ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று விருத்தாசலமே ஒரு கதையைக் கட்டி, அதை அவரே நம்பி, திண்டிவனத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

தெரு கூடிவிட்டது. வேட்டியை யாரும் விலக்கவில்லை. “பொஞ்சாதி வந்து மொகம் பாக்காம நாம தொறக்கக் கூடாது” என்றார் விருத்தாசலம். ராயப்பன் குடோனைத் திறந்து, ராயப்பன் நாற்காலியையே போட்டு, ராயப்பன் பந்தலையே கட்டினார்கள். வாடகை கேட்க ஆளில்லை அல்லவா!

வேலை முடிந்து வண்டியில் திரும்பிய ராயப்பன் தெருமுனையிலேயே பந்தலைப் பார்த்தார். முதலில் வந்தது கோபம். என் தெருவில் எனக்குத் தெரியாமல் எவன் ஆர்டர் எடுத்தது? கிட்டே வந்தால் நாற்காலி முதுகிலெல்லாம் தன் பெயர். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் கேட்டார்.

“யாருங்க தவறிட்டது?”

“சவுண்ட் சர்வீஸ் ராயப்பனாம். ஹார்ட் அட்டாக்காம். நல்ல மனுசனாம், செட்டுதான் கொஞ்சம் கரகரன்னு கேக்குமாம்.”

“எவன் சொன்னது கரகரன்னு? போன மாசம்தான்யா புது ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன்!” என்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்தார் ராயப்பன். பெரியவர் கையிலிருந்த டீ அவர் வேட்டியிலேயே கொட்டியது.

அந்த நேரம் பார்த்து ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. இருதயமேரி இறங்கினாள். தலை கலைந்திருந்தது, ஒரு காலில் செருப்பில்லை.

“ஐயோ, நான்தான் பாவி! ஒரு மெஷினுக்காகக் கோச்சுக்கினு போனேனே! ஆயிரம் மெஷின் வெச்சிக்கயேன், எழுந்து வாயேன்!”

இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படி அழுது ராயப்பன் பார்த்ததே இல்லை. “மேரி! மேரி!” என்று கூட்டத்துக்குள் பாய்ந்தார். விருத்தாசலம் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவர் நெஞ்சில் கை வைத்து நிறுத்தினார். “யோவ், தள்ளு. கட்டினவ மொதல்ல பாக்கட்டும்.”

“யோவ், பொணமே நான்தான்யா!”

யார் காதில் விழுகிறது? உள்ளே இருதயமேரி வேட்டியை இழுத்தாள், பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், மூடியைத் தூக்கினாள். யாரோ கையில் கொடுத்த ரோஜா மாலையை, தண்ணீர் சொட்டச் சொட்ட, முகம் இருக்கும் என்று நினைத்த இடத்தில் போட்டாள். முன் ஃபேன் மாலையைக் கவ்வி இழுத்தது. நார் சுற்றியது, இதழ் பறந்தது, ஈரம் உள்ளே இறங்கியது. பட்டென்று ஒரு நெருப்புப் பொறி. வீட்டில் ஃபியூஸ் போய்விட்டது. எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தவள் பெட்டிக்குள் பார்த்தாள். தகர டப்பா புகைந்துகொண்டிருந்தது. திரும்பினாள். பின்னால் ராயப்பன் ஹெல்மெட்டும் கையுமாக நின்றார்.

முதலில் ஒரு அறை விட்டாள். அப்புறம் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். தெருவே பார்த்தது, அவள் கவலைப்படவில்லை. ராயப்பனும் விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தார். அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“யோவ், உண்மையச் சொல்லு. அந்த டப்பாவுக்கா அழுவுற?”

“சத்தியமா இல்ல மேரி. நான் செத்தா நீ இப்டி அழுவியான்னு எனக்குத் தெரியவே தெரியாது. செருப்புகூட இல்லாம வந்துக்கிறியே, அதுக்குத்தான்.” கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஆயிரம் மெஷின் வெச்சிக்கலாம்னு சொன்னியே…” என்று இழுத்தார்.

“அது செத்தவருக்குச் சொன்னது” என்றாள்.

வந்த கூட்டம் வெறுங்கையோடு கலைவதாக இல்லை. டீ சொல்லியாகிவிட்டது, மாலையும் விழுந்துவிட்டது. மெஷினைப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போக நாலு பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். தப்பை ஈடுகட்டுகிற மாதிரி விருத்தாசலம் முன்னால் நின்று வழி விலக்கினார்.

தூக்கும் நேரத்தில் ராயப்பனின் போன் அடித்தது. மேரி வாங்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் கோகுலகிருஷ்ணன்.

“அண்ணே, மெஷின் ஆஃப்லைன்னு காட்டுது. டெம்பரேச்சர் இன்னா காட்டுது?”

“சில்லுனு ஆயிடுச்சு தம்பி” என்றாள் இருதயமேரி. “இப்பத்தான் எடுக்குறோம். வர்றதுன்னா ஜல்தியா வா.”