கடைசியாகச் சேர்த்த துண்டு

இரண்டு வருடங்களுக்கு முந்திய மாரி காலம் அது. திருகோணமலை உள்துறைமுகப் பக்கம், மாடியில் இருந்த ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நான் சேர்ந்து கொஞ்ச நாள்தான். பிள்ளைகள் பிறந்த பிறகு வருடக்கணக்கில் வீட்டில் இருந்தவள் என்பதால், வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். மூதூரிலிருந்து தினமும் பஸ். இதை விட்டால் இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள் என்ற பயம் எப்போதும் கூடவே வந்தது.

மீன்பிடி வள்ளங்களில் பொருத்தும் ஒரு கருவிக்கு நாங்கள் மென்பொருள் செய்தோம். கடல் வரைபடம் காட்டும், காற்று மாறினால் எச்சரிக்கும். புதிய கருவிகள் 64 பிட் செயலியில் ஓடுபவை. இறக்கக்கண்டி மீனவர்களின் வள்ளங்களில் இருந்தவையோ பழைய 32 பிட் கருவிகள். அதனால் ஒரே மென்பொருளை இரண்டு விதமாக பில்ட் பண்ண, அதாவது கருவியில் ஓடும் வடிவமாகத் தொகுக்க வேண்டும். எச்சரிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பேசிச் சொல்லும் குரல் பகுதிதான் என்னுடையது.

64 பிட்டுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. 32 பிட்டுக்கு பில்ட் பண்ணும்போது, எல்லோரும் எழுதிய துண்டுகளை ஒன்றாகக் கோக்கிற லிங்கர் என்ற நிரல் பாதியில் விழுந்தது. எங்கே பிழை என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் கோபித்துக்கொள்ளும் சொந்தக்காரர்களோடு பழகிய எனக்கே அது தாங்க முடியவில்லை.

முகாமையாளர் என் பகுதியை எடுத்துவிட்டு பில்ட் பண்ணச் சொன்னார். ஓடியது. திரும்பப் போட்டோம், விழுந்தது.

"உங்கட துண்டை எடுத்தா சரிவருது, போட்டா விழுது. பிறகென்ன கதை?" என்றார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் குரல் இல்லாமலே வெளியிடுவோம் என்றார். குரல் இல்லையென்றால் அங்கே நானும் இல்லை என்பது எனக்கு விளங்கியது.

அந்தக் கிழமை முழுவதும் என் நிரலையே துருவினேன். 32 பிட்டிலும் 64 பிட்டிலும் அளவு மாறும் எண்கள், முகவரிகள் எல்லாவற்றையும் வரி வரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு பில்டும் முடியும்வரை ஜன்னலால் பார்த்தால், கீழே நகரத் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று, யாரோ சோறு சுற்றி எறிந்த லஞ்ச் ஷீட்டை ஆறுதலாக மென்றுகொண்டு நிற்கும். அதன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"இண்டைக்கும் சரிவரல்லயா புள்ள?" என்று உம்மா கேட்பார். ஒருநாள் சோற்றில் கையை வைத்தபடி, "ஏலாது உம்மா, என்னால ஏலாது" என்று அழுதேவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கைவிட்டுவிட்டேன். என் பகுதியை நானே எடுத்து, குரல் இல்லாத பில்டைக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்தேன். பில்ட் ஓடியது. அதைச் சோதிக்க மேசையிலிருந்த பழைய கருவியில் ஏற்றினேன்.

"காற்று பலமாக வீசுகிறது, கரைக்குத் திரும்பவும்" என்றது கருவி.

எடுத்துவிட்டேன் என்று நினைத்த என் குரல் பகுதி அது. திரையில் வரைபடத்தைத்தான் காணவில்லை. சேர்க்கவேண்டிய துண்டுகளின் பட்டியலில், களைப்பில் என் வரிக்கு மேலே இருந்த வரியை நீக்கியிருக்கிறேன்.

வரைபடப் பகுதியை எழுதிய மூத்த சகா எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, என்ர மேப்பை எங்க கொண்டுபோய்ப் போட்டீங்கள்?" என்று சிரித்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். வரைபடத்தை மட்டும் போட்டால் ஓடியது. குரலை மட்டும் போட்டாலும் ஓடியது. இரண்டையும் சேர்த்தால் விழுந்தது.

"அப்ப இது உங்கட பிழையும் இல்ல, என்ர பிழையும் இல்ல. பாரம் கூடிப்போச்சு."

தேடிப் பார்த்தபோது தெரிந்தது, 32 பிட்டுக்கு நாங்கள் வைத்திருந்த லிங்கரே ஒரு பழைய 32 பிட் நிரல். கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும், ஓர் அளவுக்கு மேல் அதனால் எடுக்க ஏலாது. எல்லோருடைய துண்டுகளும் சேர்ந்து அந்த அளவைத் தாண்டியிருந்தன. சனம் நிறைந்த பஸ் ஏற்றத்தில் நின்றுவிட்டால் கடைசியாக ஏறியவரை முறைப்போமே, அந்தக் கதைதான். 64 பிட் லிங்கரைக் கொண்டே பழைய கருவிக்கும் பில்ட் பண்ணலாம். அமைப்பில் ஒரு வரியை மாற்றினோம். ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் வீதியால் போகும்போது பில்ட் முழுதாக முடிந்திருந்தது.

"ஓ, அதுதானா?" என்றார் முகாமையாளர். அவ்வளவுதான். பிறகு என்னை நிரந்தரமாக்கினார்கள். ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் வரவில்லை, நித்திரைதான் வந்தது. மூதூரில் கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.

போன மாதம் புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தார். அவருடைய துண்டைச் சேர்த்ததும் பில்ட் விழுந்தது. எல்லோருடைய தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த களைப்பு. "பொறுங்க, முதல்ல என்ட துண்டை எடுத்துப் பாப்பம்" என்று சொல்லி, என் கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். பிழை யாருடையது என்று தெரியும்வரை, கடைசியாக வந்தவரைத் தனியாக உட்கார வைக்க அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எனக்கு மனம் வருவதில்லை.