விரல்மேல் போட்ட பழி

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஒருநாள் காலை என்னை மணப்பாறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு முறுக்குக் கம்பெனியில் விரல் வைத்து வருகை பதியும் கருவிக்குப் புரோகிராம் எழுதியது நான்தான். மெஷின் ரொம்ப ஸ்லோ என்று ஒரு மாதமாகப் புகார்.

எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் கதவைத் திறப்பார்கள். வெளியே எழுபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் விரலையும் அடையாளம் காண மெஷினுக்குப் பன்னிரண்டு நொடி. அதன் பிறகுதான் நேரம் பதிவாகும். முன்னாடியே வந்து நின்றாலும் வரிசையின் கடைசியில் இருப்பவர்களுக்கு லேட் என்றுதான் விழும்.

"இவங்க விரலைப் பாருங்க மேடம். எண்ணெய்லயும் சூட்டுலயும் ரேகையே தேஞ்சு போச்சு. மெஷின் என்ன பண்ணும்?" என்றார் சூப்பர்வைசர். நானும் தலையாட்டினேன். அதோடு விட்டேனா? எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவிவிட்டு வாருங்கள் என்று அத்தனை பேருக்கும் உபதேசம் வேறு செய்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியில் நின்ற ஒரு பெண் மட்டும் என்னிடம் வந்தார். "ஏழே முக்காலுக்கே பஸ்ஸை விட்டு இறங்கிட்டேங்க. இன்னொரு தடவை லேட்டு விழுந்தா வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் காரணம் அகப்பட்டது. நாம் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். வேகமாக ஓடும்படி மாற்று என்றோ, பிழை தேட வசதியாக அப்படியே விடு என்றோ அதற்கு ஒரு வரியில் சொல்ல வேண்டும். அதைத்தான் ஃபிளாக் என்போம். ஏதோ ஒரு பிழையைத் தேடுவதற்காக அந்த வேகத்தை நான் நிறுத்தி வைத்திருந்தேன். போதாக்குறைக்கு, புரோகிராமின் துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் லிங்க்கருக்கான ஃபிளாகில், மெமரியை ஓயாமல் சோதிக்கும் ஒரு லைப்ரரியையும், அதாவது ஆயத்தப் புரோகிராம் தொகுப்பையும், சேர்த்திருந்தேன். பிழை போனதும் இரண்டையும் எடுக்க மறந்து, அப்படியே மணப்பாறைக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு ஃபிளாகையும் மாற்றி, கம்பைலரை மறுபடியும் ஓட்டிப் புரோகிராமைப் புதிதாக உருவாக்கினேன். ஆபீஸில் இருந்த அதே மாதிரிக் கருவியில், மணப்பாறையிலிருந்து நகலெடுத்து வந்திருந்த அந்தப் பெண்களின் அதே ரேகைகளுக்கு, ஒரு நொடிக்குள் பெயர் வந்தது.

என் மேலதிகாரியிடம் சொன்னேன். நம்ம தப்பு என்று எதற்குச் சொல்லிக்கொள்ள வேண்டும், புது வெர்ஷன் என்று போட்டுவிடுங்கள் என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் நானே போய் மாற்றினேன். வரிசை மளமளவென்று உள்ளே போனது. அந்தப் பெண்ணைக் காணவில்லை. முந்தின நாளே நிறுத்திவிட்டார்களாம். தப்பு எங்களுடையது என்று சூப்பர்வைசரிடம் சொன்னால், "சரி விடுங்க மேடம், இப்பதான் சரியாயிடுச்சே" என்கிறார். என்ன சரியாகிவிட்டது? நேராக முதலாளி அறைக்குப் போனேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்தேன். அந்தப் பெண்ணைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடாமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். முதலாளி வேண்டாவெறுப்பாகப் போனை எடுத்தார்.

மத்தியானம் அந்தப் பெண் வந்து சேர்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததுமே குறுக்கே கேட்டார்: "அப்ப நான் லேட்டா வரலைதானே?"

இல்லைங்க என்றேன்.

"அதை எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகும்? உள்ள வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அடுப்புச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னேன். அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண் நேராகத் தன் அடுப்புக்குப் போனார்.

எந்த மெஷினைப் பற்றிப் புகார் வந்தாலும் 'அவங்களுக்குச் சரியா உபயோகிக்கத் தெரியலை' என்று முதலில் சொல்கிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குச் சுள்ளென்று ஏறுகிறது, ஏனென்றால் என் மறதிக்கு ஒரு மாதம் தலைகுனிந்து நின்றவர்களிடமே கையைக் கழுவச் சொன்னவள் நான்.