லோகநாயகி கொடுத்த வெல்லம்

எலிக்கு யாராவது வெல்லம் ஊட்டுவார்களா? லோகநாயகி ஊட்டினாள்.

திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி நானும் அவளும் சேர்ந்தே சிதம்பரம் போவோம். அங்கே ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் நான் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். அவள் எலிகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிறாள். கணவர் இறந்த பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை. வஞ்சிரம் வறுவல் என்றால் உயிரை விடுவாள். எலி கத்தினால் மட்டும் கண் கலங்கிவிடும். இது என்ன நியாயமோ என்று கேலி செய்வேன்.

ஆராய்ச்சி மாணவி வினோதினி எலிகளுக்கு வலி மருந்து போட்டுச் சூடான தட்டில் விடுவாள். எவ்வளவு நேரம் தாங்கிவிட்டுக் காலை நக்குகின்றன என்று பார்ப்பாள். சிலவற்றுக்கு, மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தை அடக்கும் மருந்தும் உண்டு. அது அடங்கினால் வலி மருந்தின் பலன் குறைகிறதா என்பதுதான் அவள் கேள்வி.

முடிவு தாறுமாறாக வந்தது. ஒரே மருந்து போட்ட எலிகளில் சில உடனே துள்ளின, சில பேசாமல் நின்றன. வினோதினி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாப்பா, ரொம்பக் கத்துற எலிங்களுக்கு மட்டும் காலைல கொஞ்சம் வெல்லம் குடுத்தேன்," என்றாள் லோகநாயகி. "பாவமா இருந்துச்சு."

"ஐயோ அக்கா! இனிப்பு தின்னா அந்த டோபமைனே ஜாஸ்தியாவும். வலியும் கொஞ்சம் அடங்கலாம். இப்ப வலிய அடக்குனது மருந்தா வெல்லமான்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப இதுங்க பட்ட சூடு?"

"வீண்தான். இதுங்கள கொன்னுட்டு, புது எலிங்க வரவழைச்சு முதல்லேர்ந்து செய்யணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரயிலில் லோகநாயகியைத் திட்டலாம் என்றுதான் இருந்தேன். ரயில் கிளம்பியதும் அவளே முந்திக்கொண்டாள்.

"நான் சும்மா இருந்திருந்தா இந்த எலிங்களோட போயிருக்கும்டி," என்றாள். "என்னால இன்னொரு கூட்டம் சூடு வாங்கிச் சாவப் போவுது."

புது எலிகள் வந்தன. முதல் நாளே ஒன்று தட்டிலிருந்து திரும்பி வந்து, கூண்டு மூலையில் ஒடுங்கிக் கத்தியது. லோகநாயகி கையை நீட்டினாள். சட்டென்று கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். தடவிக் கொடுத்தால் அதுவும் முடிவைக் கெடுத்து, இன்னும் ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்துவிடுமோ என்று பயம். அது கத்தி ஓயும்வரை தொடாமல் நின்றுகொண்டிருந்தாள்.