பெட்ஷீட் போர்த்திய குரோட்டன்கள்

என் கணவரின் அக்காவுக்கு என் குரோட்டன்களைக் கண்ணில் காட்டக் கூடாது. அவரை நான் மைனி என்று கூப்பிடுவேன். எங்கள் ஆட்கள் மையவாடியில் ஒருவரை அடக்கியதும் தலைமாட்டில் ஒரு குரோட்டன் கொப்பை ஊன்றிவிட்டு வருவார்கள். நாலு மழைக்கு அது தழைத்துவிடும். அதனால் குரோட்டன் என்றாலே மைனிக்குக் கப்று ஞாபகம். கேற்றைத் திறக்கும்போதே தொடங்கிவிடுவார்.

“இது ஊடா, மையவாடியா? ஸலாம் சொல்லிட்டு உள்ளுக்கு வாரதா, பாத்திஹா ஓதிட்டு வாரதா?”

நான் சிரித்துவைப்பேன். எனக்கு உடனே பதில் பேச வராது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டாலும் அப்படித்தான். அவர் போன பிறகு, கோப்பை கழுவும்போதுதான் நல்ல நல்ல பதிலாக வரும்.

செடியைப் பற்றிப் பேச மைனிக்கு என்ன யோக்கியதை? அவர் வீட்டு ஹோல் முழுக்கப் பிளாஸ்டிக் பூ. நோன்புக்கு முன்னால் அதையெல்லாம் சவர்க்காரத் தூளில் ஊறவைத்து, அலசி, கொடியில் காயப்போடுவார். உள்பாவாடைக்கும் துவாய்க்கும் நடுவில் ரோஜாப்பூ தலைகீழாகத் தொங்கி நீர் சொட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். “பாருங்க, எவ்வளவு காலமா வாடாம ஈக்கிது” என்று பெருமை வேறு.

என் செடிகள் குப்பையிலிருந்து வந்தவை. மகள் படித்த பள்ளிக்கூடத்தில் வேலி வெட்டிக் கொப்புகளை ரோட்டோரம் எறிந்திருந்தார்கள். ஒரு கட்டுப் பொறுக்கி வந்து, இலைகளைப் பாதியாக நறுக்கி, மழை தொடங்கியதும் முன்மதிலோரம் நட்டேன். பிறகு வத்தேகமயில் தங்கச்சி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு கொப்பாகச் சேர்ந்தது. மஞ்சள் புள்ளி போட்டது, நரம்பு மட்டும் சிவந்தது, இடியப்பம் போல மெலிந்து முறுகியது, பழுக்கப் பழுக்கக் கறுப்பாகிற ஒன்று. பூவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால்தான் எனக்கு இவற்றைப் பிடிக்கும். ஆனால் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் எல்லாம் ஒரே பச்சையாகிவிடும். எங்கள் வீடு ஹந்தானைப் பக்கத்துச் சரிவில் இருக்கிறது. பின்பக்கம் மண்மேடும் பலாமரமும். பகல் பன்னிரண்டு மணிக்கும் அங்கே ஈரம் காயாது. வெயில் விழுகிற ஒரே இடம் அந்த முன்மதிலோரம்தான்.

மகளுக்குத் தெல்தெனியவிலிருந்து ஒரு கலியாணம் பேசி வந்தது. அவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருவதாக முடிவானது. மைனி விஷயம் தெரிந்த அன்றைக்கே ஆட்டோ பிடித்து வந்து, கதிரையில் உட்காராமலே என் கணவரிடம் சொன்னார்.

“தம்பி, மாப்புள ஊட்டாக்கள் வாரதுக்கு முந்தி இந்த மையவாடிய வெட்டி எறியணும். பொம்புளப் புள்ள ஈக்கிற ஊட்டு வாசல்ல இது என்னத்துக்கு?”

“சரி தாத்தா,” என்றார் இவர். எங்கள் பக்கம் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வது என் கணவருக்குச் சரி. பள்ளிவாசலில் ஒன்று, கடையில் ஒன்று, தாத்தாவிடம் ஒன்று. என்னிடம் கடைசி வார்த்தை இருந்ததில்லை என்பதால் இந்தக் குணத்தால் எனக்கு ஒரு லாபமும் இல்லை.

“பின்னுக்கு வெச்சாலும் நெறம் போயிருமே,” என்றேன்.

“வெச்சா என்ன, எங்கயும் செடிதானே,” என்றார் மைனி.

சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேச? அன்று மாலையே வீட்டுக் கத்தியைத் துணியில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்தேன். இவர் தேடினார். சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறது என்றேன். அடுத்த நாளும் தேடினார். அதற்கடுத்த நாள் மறந்துவிட்டார். ஒரு கத்தியை இரவல் வாங்கி வரக்கூடத் தோன்றாத மனிதர். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மைனி வந்து இறங்கியபோது குரோட்டன்கள் அப்படியே நின்றன. ஆட்டோவுக்குள் வெள்ளைப் பூச்சாடிகளில் அக்லோனிமா. பேராதனை ரோட்டு நேர்சரியில் வாங்கினாராம். ரோஸ் நிறத்தில் அகன்ற இலை. இப்போது ஃபோனில் எல்லோரும் படம் பிடித்துப் போடுகிற செடி. கேற்றருகே கத்தத் தொடங்கினார். அதற்குள் இவருடைய ஃபோன் அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் தென்னக்கும்புர பாலம் தாண்டிவிட்டார்களாம்.

மைனி நேராக அலுமாரிக்குப் போய், விருந்தாளிகளுக்கென்று நான் மடித்து வைத்திருந்த வெள்ளைப் பெட்ஷீட்டுகளை உருவினார். தம்பியும் தாத்தாவும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து என் செடிகளைத் தலை முதல் கால்வரை போர்த்தினார்கள். காற்றில் பறக்காமல் மதிலில் கல் வைத்தார்கள். முன்னால், உச்சி வெயிலில், நிழலில் வளர வேண்டிய அக்லோனிமாக்களை வரிசையாக நிறுத்தினார்கள். இரண்டு மணிநேரத்தில் அவை வெந்துபோகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ரோல்ஸ் பொரிக்கப் போனேன்.

வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் உம்மா ஒரு காலைக் கீழே வைத்தார், நீளமாகக் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார், காலை மறுபடி உள்ளே இழுத்தார்.

“யா அல்லாஹ், மௌத்து ஊடா? ஒரு கோல் எடுத்துச் சொல்லீக்கலாமே!”

பின்னால் இருந்த மாப்பிள்ளையின் வாப்பா, சாவுச் செய்திக்கு ஓதுகிற “இன்னாலில்லாஹி”யைத் தொடங்கிவிட்டார்.

“இல்ல, இல்ல!” மைனிக்கு மூச்சு வாங்கியது. “அது செடி. வெயில் படப்படாதெண்டு…”

திரைக்குப் பின்னால் மகள் சிரித்த சத்தம் வாசல்வரை கேட்டது. நான் அவள் கையைக் கிள்ளினேன். எனக்கும் சிரிப்பு முட்டியது.

அந்த அம்மா இறங்கி வந்து, கேட்காமல் பெட்ஷீட்டின் மூலையைத் தூக்கினார். “குரோட்டனா,” என்று சொல்லிவிட்டு மூலையைக் கீழே விட்டார். அவ்வளவுதான். இத்தனை நாள் மைனி எந்தப் பயத்தைச் சொல்லி எங்களை ஆட்டிவைத்தாரோ அது அந்த அம்மாவின் தலைக்குள்ளேயே இல்லை.

அவர் தலைக்குள் வேறு ஒன்று இருந்தது. ரோல்ஸ் சாப்பிட்டார்கள், வட்டிலாப்பம் இரண்டாம் தடவை வாங்கினார்கள். மாப்பிள்ளை ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே மென்றார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோதும் அவர் கை மட்டும் கோப்பையைத் தேடி வந்தது. கடைசியில் அந்த அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, விறாந்தை வழியே வெளியே பார்த்தார்.

“முன்னுக்கு எடம் நல்லம். கலியாணம் முடிச்சு மகன் இங்கதானே ஈக்கப் போற. அந்தச் செடியெல்லாம் புடுங்கிட்டுக் கொங்கிரீட் போட்டா மகன்ட வேன நிப்பாட்ட ஏலும்.”

“போட்டாப் போச்சு,” என்றார் என் கணவர்.

“நானும் அதத்தானே சொன்ன,” என்றார் மைனி.

பெண்ணைப் பற்றி இன்னும் ஒரு கேள்விகூட வரவில்லை. என்ன படித்தாள், என்ன பிடிக்கும், ஒன்றும் இல்லை. வேனுக்கு இடம் பார்த்தாகிவிட்டது.

“ஏலா,” என்றேன்.

என் கணவர் திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாரோ பேசியதாக நினைத்து. “என்ன சொன்ன?”

“ஏலா. இந்த ஊட்ட என்ட வாப்பா எனக்கு எழுதித் தந்த. முன்னுக்குக் கொங்கிரீட் போட நான் உட மாட்டன்.”

அந்த அம்மா என்னை முதன்முறையாகப் பார்த்தார்.

“ஒங்களுக்கு மகள் பெருசா, செடி பெருசா?”

குசினிக்குப் போய்ச் சும்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பிறகு பாத்திரம் கழுவும்போதும், இன்றுவரைக்கும், அதற்கு ஒரு பதில் எனக்கு வரவில்லை. கேள்வியே வேனைப் பற்றியது என்று மட்டும் தெரியும்.

இரண்டு நாளில் தரகர் ஃபோன் செய்தார். ஜாதகம் பார்க்காத எங்கள் ஆட்களுக்குக் காரணம் சொல்ல வேறு வழி உண்டு. பெண் கொஞ்சம் கட்டையாம். மைனி அழுதார், குரோட்டனைத் திட்டினார், கருகிய அக்லோனிமாக்களை வந்து தூக்கிக்கொண்டு போனார். மாதக்கணக்கில் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எனக்கு அது நோன்புப் பெருநாள் நீண்டுகொண்டே போன மாதிரி இருந்தது.

பெட்ஷீட்டில் செடியின் பால் பட்ட இடமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. மகள் அதைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“நல்லம் உம்மா. அவர் என்னய ஒருக்காச் சரி நிமிந்து பாக்கல்ல. வேன் ஓட்டுற நேரமாவது முன்னுக்குப் பாப்பாரா தெரியா.”

இவர் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு வேறு ஒரு தரகரின் கோல் வந்தது. இவர் முற்றத்தில் குரோட்டன்களுக்கு முன்னால் நடந்துகொண்டே பேசியது எனக்குக் குசினிவரை கேட்டது.

“ஓ, படிச்ச புள்ள. நல்ல குணம். ஒண்டு மட்டும் அவங்கட்ட முதல்லயே சொல்லிருங்க. இங்க முன்னுக்கு வாகனம் நிப்பாட்ட எடமில்ல. இல்ல, இல்ல, பொறகும் இல்ல. ஊட்டுக்காரி உடமாட்டா.”