பழுப்பு ஹன்டர்

என் வீட்டு அலமாரியில் ஒரு ஹன்டர் போர் விமானம் நிற்கிறது. பிளாஸ்டிக் மாதிரிதான், இரண்டு கைகளையும் சேர்த்தால் ஏந்திவிடலாம். நிஜ ஹன்டரின் முதுகில் கரும்பச்சையும் சாம்பலும் திட்டுத் திட்டாக இருக்கும். என்னுடையதில் பச்சை இருக்க வேண்டிய இடமெல்லாம் பழுப்பு. செகந்திராபாத்தில், விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்து அல்வாலில் குடியிருந்தால் விமானப்படைக்காரர்கள் வீட்டுக்கு வராமல் இருக்கமாட்டார்கள். வந்தவர்கள் அதைப் பார்த்துத் தொண்டையைச் செருமுவார்கள். நான் காபி போட எழுந்துவிடுவேன்.

செய்தது என் அண்ணன். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, ஊசிமுனையில் பசை தொட்டு ஒட்டுவான். உடலின் இரண்டு பாதிகளையும் மூடுமுன் மூக்குக்குள் ஈயக்குண்டு வைக்க மறக்கமாட்டான். மறந்தால் விமானம் வாலை ஊன்றி உட்கார்ந்துவிடும். இத்தனை நுணுக்கம் அறிந்தவனுக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்றுதான். விமானப்படைத் தேர்வில் எல்லாவற்றையும் தாண்டியவன், கண் பரிசோதனையில் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்ணைப் படிக்க முடியாமல் திரும்பி வந்தான். அதற்குள் அப்பா, மகன் பைலட் ஆகப்போகிறான் என்று சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டார்.

வீட்டில் அவன் சொன்னது வேறு: இன்டர்வியூவில் சொதப்பிவிட்டேன். என்னிடம் மட்டும்தான் உண்மை. "கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சா குடும்பத்துக்கே இருக்கும்னு பேசுவாங்கட்டி. நாளைக்கு உனக்கு மாப்பிள்ள பாக்கணும்லா" என்றான். அப்பாவிடம் அதற்காக எத்தனை வருடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்! உருப்படாதவன், வாயில்லாதவன், நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவன். தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். எனக்குத்தான் சோறு இறங்காது.

பெயின்ட் அடிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து நிறம் சொல்வேன். அவன் புட்டிகளின் மூடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதிக்கொள்வான். எங்கள் வீட்டுத் திருநெல்வேலித் தமிழில் செகந்திராபாத் உருதுவும் கலந்தே ஓடும்; ஆமாம் என்றால் ஹவ், வேண்டாம் என்றால் நக்கோ. "ஏட்டி, இது பச்சதான?" "ஹவ்." "நல்லாப் பாத்துச் சொல்லு." "நம்பிக்கை இல்லன்னா நக்கோ, நீயே பாத்துக்கோ." இப்படி மிரட்டித்தான் அவனிடம் கடலை மிட்டாய் வாங்கித் தின்றேன்.

என் கல்யாணப் பரிசுக்கு என்னிடமே எப்படி நிறம் கேட்பான்? ஒளித்துவைத்துத் தனியாக அடித்திருக்கிறான். புட்டிகளைத் திறந்து மூடுகையில் பச்சையின் மூடி பழுப்புக்குப் போய்விட்டது, அவனுக்குத் தெரியவில்லை. வரவேற்பு மேடையில் விமானத்தை என் கையில் வைத்தபோது அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மாப்பிள்ளையின் சித்தப்பா விமானப்படையில் ஹன்டர்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "எல்லாம் பிரமாதம் தம்பி, ஆனா இந்தக் கலர்..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் அப்பா.

"மாமா, நான்தான் பிரவுன் கேட்டேன். இந்தச் சேலைக்கு மேட்ச்சா இருக்கட்டும்னு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அதுவரை அவன் அதைப் பச்சை என்றே நினைத்திருந்தான். நான் அவனைக் காப்பாற்றிய அதே பேச்சில்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது.

அப்பா கடைசிவரை உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அண்ணன் இப்போது போவன்பள்ளியில் இருக்கிறான். இன்னும் விமானம் செய்கிறான். கைபேசியை நீட்டினால் அதுவே நிறத்தைச் சொல்லிவிடுகிறதாம். என் வேலை போயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுப் புட்டியோடு வந்தான்.

"இது நிச்சயமாப் பச்சதான், போனு சொல்லிட்டுது. அதக் குடுட்டி, மாத்தி அடிச்சுத் தாரேன்."

"நக்கோ."

"ஊருல உள்ளவனெல்லாம் பாத்துச் சிரிக்கான்லா."

"சிரிக்கட்டும். ஒன் வீட்டுல நிக்கது எல்லாம் நானோ போனோ சொன்ன கலரு. இது ஒண்ணுதான் நீயாப் பாத்து அடிச்சது."

அவன் ஹன்டரைக் கையில் எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"எனக்கு இது இப்பவும் பச்சையாத்தான்ட்டி தெரியுது."

"அப்ப பச்சதான்" என்று வாங்கி, அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தேன்.